கடைசிப் பத்து நிமிடம் கவுண்டரில் கிடைக்கும்

வீடியோக் கடையில் வேலை செய்பவருக்கு எல்லாப் படங்களின் முடிவும் தெரியும். அதைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் சம்பளம்.

நீங்களும் எங்காவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர் என்றால், பக்கத்தில் வந்து இருங்கள். "எது நல்ல படம்?" என்று கேட்டுவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். நான் சொல்லப்போவது இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், கசெற் போய் டிவிடி வந்துகொண்டிருந்த நேரத்தில், மொன்றியலில் நான் பட்ட பாடு. பாடு என்று சொன்னாலும் அதில் பெருமைதான் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு "ஸ்டெல்லா புளுகித் தள்ளுறாள்" என்று யாரும் குறை சொல்லக்கூடாது பாருங்கள்.

ஆர் சாகிறது?

நான் தொழில் பழகியது நகரத்துக்குள் இருந்த ஒரு தமிழ் வீடியோக் கடையில். போருக்குத் தப்பி வந்த எங்கள் சனத்துக்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முடிவைக் கேட்காமல் படத்தைத் தொடமாட்டார்கள். நடிப்பது யார், பாட்டு எப்படி என்பதெல்லாம் பிறகுதான். "கடைசியிலை சேருவினமோ? ஆர் சாகிறது? தாய் தப்புமோ?" இவைதான் கேள்விகள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு ஒரு முடிவு, ஊரிலிருந்து தொலைபேசி வந்தாலே நெஞ்சைப் பிடிக்கிற மாமி இருக்கிற வீட்டுக்கு ஒரு முடிவு என்று பார்த்து எடுத்துக் கொடுப்பதுதான் கடைக்காரியின் கெட்டித்தனம். அதில் என்னை அடிக்க அந்தத் தெருவில் ஆள் இல்லை. என் பேச்சை நம்பி அழ ஆயத்தமாகக் கைலேஞ்சியோடு உட்கார்ந்த குடும்பங்கள் உண்டு. சிரிப்பதற்காகப் பிள்ளைகளை வேளைக்கே சாப்பிட வைத்த குடும்பங்களும் உண்டு.

ஒருமுறை எல்லோரும் புகழ்ந்த படம் ஒன்றைத் திருகோணமலைக்கார அக்கா ஒருவர் கேட்டு வந்தார். படம் திறம்தான், ஆனால் கடைசியில் அண்ணன்காரன் செத்துப்போவான் என்று உள்ளதைச் சொன்னேன். கையிலெடுத்த கசெற்றை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டார். "எங்கட வீட்டிலை செத்ததே போதும் பிள்ளை. வாடகை குடுத்து வேறை ஒராளைச் சாகிறதுக்கு வீட்டை கூட்டிக்கொண்டு போகேலாது."

வாலைப் பார்த்து மாடு பிடித்த கதை

நகரத்துக்கு வெளியே பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிய பிறகு நகரத்துக்குப் போய்வருவது பெரும்பாடாகிவிட்டது. பக்கத்தில் புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியில் இருந்த வீடியோக் கடைக்கு ஆள் தேவை என்று அங்கே மாலையில் வேலை செய்த நேசன் அண்ணை சொன்னார். அவர் மன்னார்க்காரர், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில்தான் பழக்கம். முதலாளி ரொபேர், கியூபெக்காரர். என்னிடம் பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் கதைப்பார். அவருடைய கட்டளை ஒன்றுதான். திரும்பி வருகிற கசெற்றின் கடைசிப் பகுதியை மெஷினில் போட்டுப் பார்க்கவேண்டும், நாடா கிழிந்திருக்கிறதா என்று. கடையில் எப்போதும் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும் என்பதால் படத்தின் சத்தத்தைக் கூட்டக்கூடாது. இதனால் எனக்கு எல்லாப் படங்களின் வால் மட்டும் தெரிந்தது. அதுவும் ஊமை வால்.

கடையின் பின்சுவரில் ஒரு தட்டு முழுக்கப் பழைய பிரித்தானியப் படங்கள். அதில் ஒன்று கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். ஒரு மர்ம நாவலைத் தழுவியது என்று அட்டையில் போட்டிருக்கும். அதன் கடைசிக் காட்சியில் தடிமன் பிடித்த இன்ஸ்பெக்டர் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு புகைப்படத்தை மேசையில் வைப்பார். கப்பல் தளத்தில் சிலர் வரிசையாக நிற்கும் படம். எதிரே இருக்கும் டொக்டர் அதைப் பார்ப்பார். உதடு அசையும். பிறகு கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, எழுந்து, இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டுவார். எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

நான் சேர்ந்த புதிதில் மிசிஸ் வொட்கின்ஸ் என்ற வயதான ஆங்கிலேயப் பெண்மணி அந்தப் படத்தை எடுத்துவந்து, நன்றாக இருக்குமா என்று கேட்டார். வாடிக்கையாளரை மதிக்கவேண்டும் அல்லவா? எனக்குத் தெரிந்த மரியாதைப்படி, "மிக நல்ல படம், மடம். டொக்டர்தான் கொலைகாரன். பயப்படாமல் பாருங்கள்" என்றேன். மனுசி என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அதைக் கொண்டுபோய்த் தட்டில் பழையபடி வைத்துவிட்டு வந்தார். "என் கணவர்கூட ஒரு கதையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை."

தட்டுக்கு வந்த கண்டம்

அந்தக் கோடை முடியும்போது ரொபேர் பின்சுவரை அளக்கத் தொடங்கினார். பழைய படத் தட்டைக் கழற்றிவிட்டு வீடியோ விளையாட்டுகளை வைக்கப்போகிறாராம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பழைய படம் எடுப்பவர்கள் ஓய்வுபெற்றவர்கள், பகலில் வருபவர்கள். விளையாட்டு எடுப்பவர்கள் பள்ளிக்கூடம் விட்டு மாலையில் வருபவர்கள். தட்டு போனால் பகலில் கடையில் ஆள் தேவையில்லை. பகலில் நிற்கிற ஆள் நான்.

இதற்கு முன்பு லாசாலில் பெட்டி ஒட்டும் தொழிற்சாலை ஒன்றிலும் நான் வேலை செய்திருக்கிறேன். அங்கே என்னிடம் யாரும் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பெட்டிக்கு என்ன அபிப்பிராயம்? இங்கே கதவைத் திறந்ததும் "இன்றைக்கு எதைப் பார்க்கலாம், ஸ்டெல்லா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்காகவே காலையில் நான் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திரும்பவும் பெட்டி ஒட்டப் போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு, தட்டைக் கிறிஸ்மஸ் வரைக்கும் என்னிடம் விடும்படி ரொபேரிடம் கேட்டேன். அவர் அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டார். "சரி, கிறிஸ்மஸ் வரைக்கும். ஆனால் தூசி தட்டுவதை வியாபாரம் என்று எனக்குக் காட்டாதே."

மெஷின் தின்ற முடிவு

தட்டில் உள்ளதை விற்கவேண்டும் என்றால் முதலில் தலையிலிருந்து பார்க்கவேண்டும் என்று புத்தி வந்தது. மிசிஸ் வொட்கின்ஸ் சொன்னதும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. அதனால் அந்தத் துப்பறியும் படத்தைத்தான் முதலில் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, நானும் என் கணவர் ஜெராட்டும் சாப்பாட்டுக் கோப்பையோடு உட்கார்ந்தோம்.

அப்பா, என்ன படம்! கடற்கரை ஊரில் ஒரு விடுதி. அங்கே தங்கியிருக்கும் வயதான கப்பல் கப்டன் இராச்சாப்பாட்டுக்கு இறங்கி வரவில்லை. போய்ப் பார்த்தால் பிணம். சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லோர் மீதும் சந்தேகம். ஒருநாள் சாப்பிடும்போது டொக்டர் மெல்லிய குரலில், தனக்கும் ஒரு தம்பி இருந்தான், கடலோடு போய்விட்டான் என்பார். ஜெராட் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். அவருடைய தம்பியும் ஊரில் குருநகர்க் கரையிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்தான். ஆனாலும் கொலைகாரன் சமையல்காரன்தான் என்று அடித்துச் சொன்னார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை எடுக்கக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டதும் எங்கள் வீட்டு மெஷின் "கறக்" என்றது. நாடாவைத் தின்றுவிட்டது.

நசுங்கிய நாடாவை நேசன் அண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கசெற் வைத்தியம் கடையில் அவர்தான். கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி உயிரைக் காப்பாற்றினார், ஆனால் கடைசிப் பத்து நிமிடம் குப்பைத்தொட்டிக்குள் போனது. "கொண்டை இல்லாத சேவலை விக்கலாம் ஸ்டெல்லா. கொலைகாரன் இல்லாத துப்பறியும் படத்தை ஆர் எடுப்பினம்?"

சமையல்காரனிடம் மன்னிப்பு

இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டால் பொய் இல்லையே. அட்டையில் ஒரு கடுதாசியை ஒட்டி, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பெரிய எழுத்தில் எழுதினேன்: "கடைசிப் பத்து நிமிடம் கவுண்டரில் கிடைக்கும்." ரயிலில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரிய மீசைக்காரர் ஒருவர் அதை வாசித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார். அடுத்த நாள் கடை திறப்பதற்கு முன்பே கதவடியில் நின்றார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

முதலில் அவருடைய சந்தேகம் யார்மேல் என்று கேட்டேன். சமையல்காரன் என்றார். பிறகு சொல்லத் தொடங்கினேன். கோவிலில் வாசகம் வாசிப்பவள் நான், எந்த இடத்தில் நிறுத்தினால் பின்வரிசைக்காரரும் நிமிர்வார்கள் என்று தெரியும். இன்ஸ்பெக்டரைப்போலப் புகைப்படத்தை மேசையில் வைத்தேன். மூக்கைத் துடைத்தேன். டொக்டரைப் பார்த்தேன். "ஏன்? டொக்டர் ஏன் கொன்றான்?" என்று மனுசன் பதறினார்.

அந்தக் காரணத்தை நான் காதால் கேட்டதில்லை, ஆனால் எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. கப்பல் மூழ்கிய நேரத்தில் படகில் இடமில்லை என்று கப்டன் விட்டுவிட்டு வந்தது டொக்டரின் தம்பியைத்தான். புகைப்படத்தில் ஓரமாக நிற்கிறவன் அவன். டொக்டர் கோட்டுப் பொத்தானைப் பூட்டுகிற விதம் எனக்குத் தெரியும். ஜெராட் தன் தம்பியின் படத்துக்கு முன்னால் நிற்கும்போது விரல்கள் அப்படித்தான் சட்டைப் பொத்தானைத் தேடும். "என் தம்பியின் கை படகு விளிம்பில் இருந்தது" என்று டொக்டர் சொல்வதாகச் சொல்லி, என் இரண்டு கைகளையும் நீட்டினேன். மீசைக்காரர் கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார். "அந்தச் சமையல்காரனிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்."

வெள்ளிக்கிழமைக் கூட்டம்

மீசைக்காரர் தன் நண்பர்களிடம் சொன்னார். அவர்கள் மனைவிமாரிடம் சொன்னார்கள். படம் வெளியே போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கட்டுப்படியாகாது என்று, முடிவைக் கேட்க வருபவர்கள் வெள்ளிக்கிழமை பிற்பகல் வரலாம் என்று வைத்தேன். முன்பே கேட்டவர்களும் திரும்ப வந்து, புதியவர்களின் முகத்தைப் பார்க்க நின்றார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போவதா? தட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு படம் எடுத்துப் போனார்கள். மிசிஸ் வொட்கின்ஸும் வந்தார். படம் பார்க்காமலே கொலைகாரன் யார் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று கேலி செய்தேன். யார் என்பது இரண்டு சொல்லில் முடிகிற விஷயம், ஏன் என்று கேட்கத்தான் வந்தேன் என்றார்.

தட்டில் தூசி நிற்க நேரமில்லை. ரொபேர் அளவு நாடாவை அதன்பிறகு வெளியே எடுக்கவில்லை. மாலை வேலைக்கு வந்த நேசன் அண்ணை, வெறுமையாய்க் கிடந்த தட்டைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப மிச்சக் கசெற்றையும் ஒருக்கால் வீட்டை கொண்டுபோய் உங்கட மெஷினுக்குத் தின்னக் குடுத்துக்கொண்டு வா."

நாவல் படித்தவர்

வெளிச்சமான வானத்தில் முகில் ஒன்று வந்தே தீரும். எனக்கு வந்த முகிலின் பெயர் மிஸ் கிரேடி. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அந்த நாவலை இரண்டு தரம் படித்தவர். நான் முடிவைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். நாவலில் படகும் இல்லை, படகு விளிம்பில் கையும் இல்லை என்றார். கூட்டம் என் முகத்தைப் பார்த்தது. நான் நாவல் படிக்கவில்லை மிஸ், படத்தில் டொக்டரின் முகம் இதைத்தான் சொன்னது என்றேன்.

மிஸ் கிரேடி கண்ணாடியைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பரீட்சை எழுதிவிட்டுப் புள்ளிக்குக் காத்திருப்பவள்போல் நான் நின்றேன். கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். "படம் எடுப்பவர்கள் நாவலைக் கெடுப்பார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இந்த ஒரு தடவை திருத்தியிருக்கிறார்கள்."

சத்தம் போட்டுப் பார்த்த பிற்பகல்

கிறிஸ்மஸுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை மிசிஸ் வொட்கின்ஸ் பனிச் சப்பாத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். இங்கிலாந்தில் இருக்கும் மகன் அந்தப் படத்தின் டிவிடியை அனுப்பியிருக்கிறானாம். முழுப்படம், முடிவோடு. தான் இன்னும் பார்க்கவில்லை, எல்லோருமாகப் பார்ப்போம் என்று கொண்டுவந்தாராம். பாவம், எனக்குப் பரிசு தருவதாகத்தான் அவருக்கு நினைப்பு. கூட்டம் கைதட்டியது. ரொபேர் ரேடியோவை நிறுத்தினார். அந்தக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு படத்துக்குச் சத்தம் வந்தது அன்றைக்குத்தான்.

நேராகக் கடைசிக் காட்சியைப் போட்டார்கள். நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முடிவு பிழையாகிப்போனால் தட்டும் போகும், நானும் போவேன். இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை வைத்துக் கதைக்கத் தொடங்கினார். அந்த மனிதன் டொக்டரே இல்லையாம். கப்பலில் களவெடுத்துப் பிடிபட்ட பழைய வேலைக்காரனாம். அதை அறிந்த கப்டன் அவனை வெருட்டிக் காசு கறந்தாராம். தம்பி என்று ஒருவனே கிடையாதாம், அது சாப்பாட்டு மேசையில் அளந்த பொய்யாம். உதடு அசைகிற இடத்தில் டொக்டர் சொன்னது, "நீர் கெட்டிக்காரர்தான், இன்ஸ்பெக்டர்" என்று மட்டும். பொத்தானைப் பூட்டினார். கைகளை நீட்டினார். படம் முடிந்தது.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. தம்பி இல்லை என்றதுதான் எனக்கு நன்றாக நொந்தது, யாரோ செத்த வீட்டுச் செய்தி கேட்டதுபோல. மீசைக்காரர், "இவ்வளவுதானா?" என்று திரையைப் பார்த்தே கேட்டார். நாவலிலும் இப்படித்தான் சப்பென்று முடியும் என்றார் மிஸ் கிரேடி. ரொபேர் என்னைப் பார்த்தார். நான் ஒளிக்கவில்லை. உங்கள் கட்டளைப்படி சத்தமில்லாமல்தான் நான் பார்த்தேன், டொக்டரின் முகத்தில் கண்டதைத்தான் சொன்னேன் என்றேன்.

மிசிஸ் வொட்கின்ஸ் மெல்ல நடந்துபோய் ரிமோட்டை எடுத்தார். காட்சியைப் பின்னால் கொண்டுபோனார். சத்தத்தை முழுதாகக் குறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தலையை அசைத்தார், சொல் என்று. நான் சொன்னேன். கப்பல், படகு, விளிம்பில் இருந்த கை. திரையில் அந்த மனிதனின் உதடு அசைந்தபோது என் குரல் அதில் போய்ப் பொருந்தியது. பொத்தான்களைப் பூட்டும்போது ரொபேர், வாடகைக் கடை நடத்தியும் ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்திராத மனுசன், தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு நின்றார். விளையாட்டுகளை முன்பக்கம் வைக்கிறேன், இந்தச் சுவரைத் தொடமாட்டேன் என்று அவர் சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. மீசைக்காரர் திரும்பவும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். மிசிஸ் வொட்கின்ஸ் ரிமோட்டைக் கவுண்டரில் வைத்து என் கையைப் பிடித்தார். "காசுக்காகக் கொலை செய்கிற முகமா அது? ஆளைச் சரியாகப் பிடித்த அந்த இன்ஸ்பெக்டருக்குக் காரணம்தான் பிழையாகிவிட்டது."

கடை மூடும் வரைக்கும் அந்தத் தட்டு அந்தச் சுவரில்தான் இருந்தது, நானும் பகலில் அதன் பக்கத்தில்தான் நின்றேன். கொலைகாரனைப் பிடித்தது இன்ஸ்பெக்டர்தான், ஆனால் அந்த இன்ஸ்பெக்டரை அத்தனை வருடம் வேலையில் வைத்திருந்தவள் நான்.